ஆய்வகத்துக்கு அப்பாலும் பயிற்சி தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பெற்ற தமிழ்நாட்டில், புற்றுநோய் ஆய்வுத் துறையின் இளம் ஆய்வாளர்கள் பலர் செல் வளர்ப்பிலும் மரபணுப் பகுப்பாய்விலும் தேர்ந்திருந்தும், நிதி கோரும் திட்ட முன்மொழிவை எழுதவோ, ஆய்வில் பங்கேற்போரின் நலனைக் காக்கும் நெறிமுறைக் குழுவின் கேள்விகளுக்கு விடையளிக்கவோ, நோயாளிக்கு ஆய்வைப் புரியும் தமிழில் விளக்கவோ பழகாமலேயே பணிக்கு வருகின்றனர். இவற்றுள் கடைசித் திறனையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். அச்சத்தோடு அமர்ந்திருப்பவரிடம் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது ஒப்புதல் ஆகாது. மும்பை டாட்டா நினைவு மையம், இளம் புற்றுநோய் மருத்துவர்கள் தம் ஆய்வுக் கருத்தை மூத்தோர் துணையுடன் முழுமையான ஆய்வுத் திட்டமாக வடிக்கும் பயிலரங்குகளை நடத்தியுள்ளது. அத்தகைய பயிற்சி மருத்துவரல்லாத முனைவர் பட்ட மாணவர்களுக்கும் முதலாண்டிலேயே கிடைக்க நம் பல்கலைக்கழகங்கள் வழிசெய்ய வேண்டும்.

புற்றுநோய் உயிரியல் ஆய்வாளர்,
சென்னை