சுளீர் என்ற சொல்

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது, அதற்குள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய் வருகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் அடுத்த வரியிலேயே, வலி மாத்திரையைப் பாதி வேளை போடுவதில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்கிறேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாயே! அந்தக் கோபத்தில்தான் இன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன்.

உன்னைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை, அது வேறு விஷயம். தலைவலி மாத்திரை கேட்ட மகளிடம் "இதுக்கெல்லாமா மாத்திரை?" என்று கேட்டவள் நான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தது இரண்டுமே இல்லை.

என் முகவலியைப் பற்றி உனக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன். வலது பக்கம், வாய் ஓரத்திலிருந்து காதுவரை. பல் தேய்த்தால் வரும், முகம் கழுவினால் வரும், மின்விசிறிக் காற்று பட்டாலும் வரும். சில நொடிதான். அந்தச் சில நொடியில் உலகத்தில் வேறு எதுவும் இருக்காது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் முகம் பழையபடி ஆகிவிடும். வீக்கமில்லை, காயமில்லை, பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்? பேசிக்கொண்டிருந்தவள் பாதி வாக்கியத்தில் கல்லாய் நிற்பாள், அவ்வளவுதான். பல்தான் காரணம் என்று நம்பி ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். பல் போயிற்று, வலி போகவில்லை.

கடைசியில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனேன். ஸ்கேன் பேச்சையே எடுக்காமல், "வலி எப்படி இருக்கும்? உங்கள் வார்த்தையிலேயே சொல்லுங்கள்" என்றார். விண்விண்ணென்று தெறிக்கிறதா, குடைகிறதா, எரிகிறதா? அதெல்லாம் இல்லை டாக்டர், சுளீர் என்று அடிக்கும், கரண்ட் கம்பியைத் தொட்ட மாதிரி என்றேன். அந்தச் 'சுளீர்' பாதி நோயைக் காட்டிக் கொடுத்துவிட்டது என்று பிறகு சொன்னார். ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் 1975இல் 78 வலிச் சொற்களை அடுக்கி ஒரு கேள்வித்தாளே தயாரித்திருக்கிறார். தமிழில் செய்திருந்தால் அவருக்கு இன்னும் நிறையத் தாள் தேவைப்பட்டிருக்கும்: குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இசிவு...

எனக்கு வந்திருந்தது ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. முகத்தின் உணர்ச்சியைச் சுமந்து செல்லும் நரம்பு மூளைக்குள் நுழைகிற இடத்தில், பக்கத்திலிருக்கும் ரத்தக்குழாய் ஒன்று துடித்துத் துடித்து அதன் உறையைத் தேய்த்துவிடுகிறதாம். அப்புறம் சும்மா தொட்டாலே நரம்பு நெருப்புப் பிடித்ததுபோல் கத்துகிறது. அவர் எழுதிக் கொடுத்தது கார்பமாசெபின், காலையும் இரவும் 100 மில்லிகிராம். மருந்துக்கடையில் வாங்கிப் படித்துப் பார்த்தால் வலிப்பு நோய்க்கான மருந்து என்று போட்டிருக்கிறது! வலிக்குப் போனவளுக்கு வலிப்பு மாத்திரையா என்று பயந்தே போனேன். இரண்டிலும் நரம்பு கட்டுமீறிச் சுடுவதுதான் தொல்லை, மருந்து அதை அடக்குகிறது என்று விளக்கினார். முகவலிக்கு இது பயன்படும் என்று 1962லேயே கண்டுகொண்டார்களாம்.

மூன்றாம் நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வலது பக்கமும் தேய்க்கிறேன் என்பது பாதியில்தான் உறைத்தது. முகத்தில் தண்ணீரை அடித்தேன். மறுபடி அடித்தேன். "என்ன ஆச்சு?" என்று இவர் கதவைத் தட்டும்வரை அடித்துக்கொண்டே இருந்தேன்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. முதல் மாதம் தலை சுற்றிற்று, பகலிலும் தூக்கம் சொக்கியது. உடம்பில் சோடியம் குறையாமல் இருக்கிறதா என்று அவ்வப்போது ரத்தம் கொடுக்கிறேன். வலியும் எப்போதாவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. ஆபரேஷன் செய்து, நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவே துளி டெஃப்லானைச் செருகிவைப்பதும் உண்டாம், வாணலியில் பூசுகிறார்களே, அதே சரக்குதான். அதை இப்போதைக்குத் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். முதுகில் ஊசி போட்ட பிறகு சுத்தியல் தட்டும் சத்தம் கேட்டது, வலி மட்டும் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த ஊசியின் கதையிலும் ஒரு சுத்தியல் வருகிறது. 1898இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பீர் என்ற அறுவை மருத்துவர், தன் முதுகிலேயே அதைச் சோதிக்கச் சொல்லிப் படுத்தார். ஊசியில் சிரிஞ்சு சரியாகப் பொருந்தாமல் மருந்து வழிந்துவிட்டது. உடனே உதவியாளர் ஹில்டபிராண்ட் தான் படுத்துக்கொண்டார். கோகெய்னை ஏற்றிவிட்டு, பீர் அவர் காலில் ஊசியால் குத்தினார், இரும்புச் சுத்தியலால் எலும்பில் தட்டினார், எரியும் சுருட்டை வைத்தார். ஒன்றும் உறைக்கவில்லை. பீர் பிறகு பல நாள் தலைவலியோடு படுத்துக்கிடந்தார். உதவியாளரின் காலைக் கேட்கவே வேண்டாம். இரண்டு மனிதர்கள் இவ்வளவு பட்டுக் கொண்டுவந்ததை ஆபரேஷனுக்கு வாங்கிக்கொண்டாய், அதற்குப் பின் வருகிறதை மட்டும் ஏன் வேண்டாம் என்கிறாய்?

பழகிவிடும் என்று பயப்படுகிறாய். சில வீரியமான மாத்திரைகளுக்கு அந்தக் குணம் உண்டுதான், அதனால்தான் டாக்டரே நாள் குறித்துக் குறைத்துக்கொண்டு வருகிறார். பாராசிட்டமாலைக்கூட அளவு மீறி விழுங்கினால் கல்லீரல் போய்விடும். நான் சொல்வது எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடி போடச் சொல்லித்தான். வலிக்குப் பயந்து காலை மடக்காமல் வைத்திருந்தால் புது மூட்டு இறுகிப்போகும். பயிற்சிக்கு எவ்வளவு நேரம் முன்னால் மாத்திரை போடலாம் என்று பிசியோதெரபிஸ்டிடம் கேள். போட்டுவிட்டு மடக்கு.

அடுத்த கடிதத்தில் முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று எழுது. பல்லைக் கடித்த கதை மட்டும் வேண்டாம். எனக்கு ஏற்கெனவே ஒன்று குறைவு.

அன்புடன்,
கமலா