ஓட்டப் பயிற்சி திங்கட்கிழமை தொடங்குகிறது

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். புற்றுநோய் வந்த குழந்தைகளுக்காக நிதி திரட்ட நம் பள்ளி நடத்தும் 3 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. பெயர் கொடுத்த பிள்ளைகளில் பாதிப் பேர் இந்நேரம் வீட்டில் "நான்தான் ஃபர்ஸ்ட் வருவேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது போட்டி இல்லை. நேரம் குறிக்க மாட்டோம், பரிசு கிடையாது, நடந்தே முடித்தாலும் அதே சான்றிதழ்தான்.

பயிற்சி வாரத்தில் மூன்று நாள், இடையில் ஒருநாள் ஓய்வு. முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படியே மாறி மாறி 20 நிமிடம். அப்புறம் வாரா வாரம் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டுவோம். பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி, இரண்டு வார்த்தைக்கே மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். சொன்னால் கேட்க மாட்டார்கள்தான், முதல் சுற்றில் பறந்துவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், இரண்டு நாளில் தானாகப் பிடிபட்டுவிடும். தயவுசெய்து வீட்டில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு தனிப் பயிற்சி கொடுக்காதீர்கள் (யாரைச் சொல்கிறேன் என்று அவர்களுக்கே தெரியும்).

குதிகால் வலி என்று பிள்ளை சொன்னால் சாக்கு என்று தள்ளிவிட வேண்டாம். வளரும் வயதில் குதிகால் எலும்பின் பின்பகுதி இன்னும் முழுதாக இறுகியிருக்காது, கெண்டைக்கால் தசை அதை இழுக்க இழுக்க வலியெடுக்கும். நொண்டி நடந்தால் அன்று ஓட்டம் கிடையாது. ஷூ போட்டு நிற்கும்போது பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள், அதையும் மாலையில் பாருங்கள், பகலெல்லாம் நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓட்டத்தன்று புது ஷூ வேண்டவே வேண்டாம்.

எதற்காக இந்த நிதி என்று பிள்ளைகள் கேட்பார்கள், உண்மையையே சொல்லுங்கள். உலகில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் புற்றுநோய் வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிவிடுகிறார்கள், ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூட இல்லை. தாமதமாகக் கண்டுபிடிப்பது, மருந்து கிடைக்காதது, சிகிச்சையைப் பாதியில் விடுவது, காரணங்கள் இவைதான். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு ஆண்டுக்கு மேல் நீளும். மருந்து இலவசமாகவே கிடைத்தாலும் போக்குவரத்து, தங்கும் செலவு, வேலைக்குப் போக முடியாத பெற்றோரின் சம்பளம் எல்லாம் இருக்கிறதே, நம் பணம் அந்தப் பயணத்துக்கும் தங்கலுக்கும்தான் போகப்போகிறது.

காலைக் கூட்டத்தில் கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் பற்றிச் சொன்னேன். 18 வயதில் எலும்புப் புற்றுநோயால் ஒரு காலை இழந்தவர், 1980இல் செயற்கைக் காலோடு 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடி நிதி திரட்டினார், நுரையீரலுக்கும் நோய் பரவியதால் ஓட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு இறந்தார். "கால் வலிக்கவில்லையா?" என்று ஒரு குட்டி கேட்டாள். வலித்தது, ரத்தமும் வந்தது என்றேன். நாம் அப்படி ஓட வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

பணம் சொந்தக்காரர், தெரிந்தவர்களிடம் மட்டும் கேட்கட்டும், முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம். யார் எவ்வளவு கொண்டுவந்தார்கள் என்று வகுப்பில் வாசிக்க மாட்டோம். இந்த நோயைக் கண்ட குடும்பங்கள் நம்மிடையேயும் இருக்கலாம், பேச்சில் கொஞ்சம் கவனம் இருக்கட்டும்.

ஒப்புதல் படிவம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு எதுவானாலும் அதில் எழுதுங்கள், இன்ஹேலர் பையில் இருக்கட்டும். கடைசியாக வரும் பிள்ளைகளோடு சேர்ந்து வர நான்கு பெற்றோர் தேவை, வேகமாக ஓடுகிறவர்கள் வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்