பூக்கும் வரை கீரை இல்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

ரோஜாத் தொட்டியில் தானாக முளைத்த கன்றின் மூன்று போட்டோவையும் பார்த்தேன். மணத்தக்காளியாக இருக்கலாம், ஊமத்தையாகவும் இருக்கலாம். நாலு இலைக் கன்றுக்கு நான் பெயர் சொல்ல மாட்டேன். போன் ஆப் சொன்னதை நம்பிப் பருப்புக்கூட்டில் போட்டுவிடாதே. இரண்டும் கத்தரிக் குடும்பம். பூவில்லாத கன்றில் அந்த ஆப் நன்றாகத் தடுமாறும்.

முதலில் தண்டின் அடியைப் பார். வித்திலை, அதாவது விதையிலிருந்து முதலில் வந்த இலை ஜோடி, உதிராமல் இருந்தால் பாதி விடை அங்கேயே கிடைக்கும். மணத்தக்காளிக்கு அது முட்டை வடிவில், 1 செ.மீ.க்குள் இருக்கும். ஊமத்தைக்கு ஈட்டி போல நீண்டு 2, 3 செ.மீ. வரும். உதிர்ந்துவிட்டதென்றால் பெரிய இலை ஒன்றைத் திருப்பி, காம்பு தொடங்கும் இடத்தைக் கவனி. மணத்தக்காளியில் இலையின் இரு ஓரமும் குறுகிக்கொண்டே காம்பில் இறங்கும். ஊமத்தையில் ஓர் ஓரம் மேலேயே நின்றுவிடும், மற்றது சற்றுக் கீழே வந்து சேரும். கோணலாகத் தைத்த சட்டைக் காலர் மாதிரி தெரியும். கசக்கினால் குமட்டும் நாற்றம். முகர்ந்து பார்த்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. அந்தச் சாறு கண்ணில் பட்டால் கண்மணி விரிந்து பார்வை மங்கும். நீ லென்ஸ் போடுகிறவள், மறக்காதே.

இதெல்லாம் சந்தேகத்துக்குத்தான். தீர்ப்பு பூவில். முளைத்து ஒன்றரை, இரண்டு மாதம் பொறுத்துக்கொள். மணத்தக்காளிப் பூ சுண்டுவிரல் நகத்தளவு, வெள்ளை, ஐந்து இதழ், நடுவில் மஞ்சள் கூம்பு. நாலைந்து பூ ஒரே காம்பில் கொத்தாகத் தொங்கும். அந்தக் காம்பு இலைக் கக்கத்திலிருந்து வராது. இரண்டு இலைகளுக்கு நடுவே, வெறும் தண்டிலிருந்து கிளம்பும். இதைப் பார்த்துவிட்டால் மிளகாயோடும் குழம்பாது, அது இலை முளைக்கும் கணுவிலேயே பூக்கும். ஊமத்தைப் பூ கிளை பிரியும் கவட்டில் தனியாக, ஒரு சாண் நீளப் புனல் போல நிற்கும். காய் முள் உருண்டை. காயைக் காகிதப் பை மூடியிருந்தால் இரண்டுமில்லை, சொடக்குத்தக்காளி.

மணத்தக்காளி என்று உறுதியானால் இலையை வதக்கி, வேகவைத்துச் சாப்பிடு. பழம் கறுப்பாகவோ செம்மஞ்சளாகவோ பழுத்த பிறகு தின்னலாம். பச்சைக் காயை அப்படியே வாயில் போடாதே, வத்தல் போடுவது வேறு கதை.

ஊமத்தையானால் காய் வெடிக்கும் முன் கையுறை போட்டு வேரோடு பிடுங்கு. ஒரு காயிலேயே நூற்றுக்கணக்கான விதை இருக்கும், அதனால் உரக்குழியில் போடாதே, பையில் கட்டிக் குப்பையில் போடு. பக்கத்துத் தொட்டியில் தண்டுக்கீரை இருக்கிறதல்லவா? கைப்பிடியாக அறுக்கும்போது ஊமத்தைத் துளிர் சேர்ந்து வந்துவிடும், ஆபத்து பெரும்பாலும் அப்படித்தான் நுழைகிறது. யாராவது தின்று வாய் வறண்டு, கண்மணி விரிந்து, உளற ஆரம்பித்தால் வாந்தியெடுக்க வைக்க முயலாமல் 108ஐக் கூப்பிடு. செடியில் ஒரு கிளையை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போ.

அடுத்த போட்டோ மேலிருந்து வேண்டாம். பூவைப் பக்கவாட்டில், காம்பு தண்டில் சேருமிடம் தெரிய, அருகில் ஒரு ரூபாய்க் காசு வைத்து எடு. இலையின் பின்பக்கம் தனியாக ஒன்று.

அம்மா