மே மாதம் கிளம்பும் செல்வத்துக்கு

கோத்தகிரி,
பிப்ரவரி 9

அன்புள்ள செல்வம்,

உன் கடிதமும் மலைப்பூண்டும் வந்து சேர்ந்தன. பூண்டைப் பார்த்ததும் அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பாதியைப் பாலில் வேகவைக்க எடுத்து வைத்துவிட்டாள். இங்கே ஜனவரி முழுக்க உறைபனி. பள்ளத்தில் இருக்கும் நம் தேயிலை கருகிப் போய்விட்டது. மேட்டுப் பக்கம் தப்பித்தது. மழை விழுந்தால் துளிர்த்துவிடும்.

மகளின் பிரசவத்துக்கு மே மாதம் பிராங்பர்ட் போகிறோம், நீங்கள் லண்டன் போய் வந்த பயணம் எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறாய். போனில் "நல்லா இருந்தது" என்று சொல்லி முடித்துவிட்டேன். நீ அத்தையையும் சின்னவனையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறாய் என்பதால் இப்போது நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் 26 இரவு கோவையிலிருந்து டெல்லி, அங்கிருந்து லண்டன். அம்மா, நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர், ஆக ஐந்து பேருக்கும் ஒரே டிக்கெட். நள்ளிரவில் டெல்லிக்கு மேலே போய் வட்டமடித்தோம். கீழே மூடுபனி. அதற்கு நாம் புதியவர்களா? கட்டபெட்டு வளைவில் முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கை மட்டும் நம்பி எத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறோம். ஆனால் அங்கே கதை வேறு. ஐம்பது மீட்டர் தூரம் தெரிந்தாலே இறங்குகிற வசதி டெல்லி ஓடுபாதையில் இருக்கிறது. அதற்கேற்ற கருவி விமானத்தில் இருக்க வேண்டும், அந்தப் பயிற்சி முடித்த விமானி ஓட்ட வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வேறு ஊருக்குத் திருப்பிவிடுவார்கள். எங்களை ஜெய்ப்பூரில் இறக்கினார்கள். இறக்கினார்கள் என்றால் விமானம்தான் இறங்கியது, நாங்கள் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். விடிந்து பனி விலகிய பிறகும் கிளம்பவில்லை. விமானிகளின் பணி நேரம் முடிந்துவிட்டது, வேறு ஆட்கள் வர வேண்டும் என்றார்கள். வானம் தெளிந்தால் போய்விடலாம் என்று நினைப்போம் பார், அது தப்பு. ஒரு ராத்திரி பனி மறுநாள் முழுக்க எல்லா விமானத்தையும் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

பகல் பதினொன்றரைக்கு டெல்லி போய்ச் சேர்ந்தோம். லண்டன் விமானம் எங்களை விட்டுவிட்டுப் போயிருந்தது. கவுண்டரில் குறைந்தது இருநூறு பேர் வரிசை. மூன்று மணி நேரம் நின்று எங்கள் முறை வந்தபோது அந்தப் பெண் சொன்னாள்: "இன்று இரவு இரண்டு இடம் இருக்கிறது. மற்ற மூன்று பேருக்கு 30ஆம் தேதி."

செல்வம், அந்த நிமிஷத்தில் நான் சரி என்று தலையாட்டப் போனேன். அம்மாவையும் சின்னவளையும் முதலில் அனுப்பிவிடலாம், அங்கே தங்கை வந்து கூட்டிக்கொள்வாள் என்று ஒரு கணக்கு. நல்ல எண்ணம்தான். ஆனால் 78 வயது அம்மாவும் ஏழு வயதுப் பிள்ளையும் தனியாக அவ்வளவு பெரிய விமான நிலையத்தில், ஆங்கிலம் அரைகுறை, வழியில் இன்னொரு தடங்கல் வந்தால் என்ன ஆவது? அம்மா வேறு, "நீங்க எல்லாரும் போங்கப்பா, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்" என்றாள். சுமதிதான் என் கையைப் பிடித்து, "போனா அஞ்சு பேரும் போவோம், இல்லாட்டி அஞ்சு பேரும் இருப்போம்" என்றாள். அவள் சொன்னதுதான் எங்களைக் காப்பாற்றியது. குடும்பத்துக்கு ஒரே டிக்கெட்டாக இருக்கிறவரை அதற்கு ஒரு கனம் உண்டு. ஒரு தடவை பிரித்துவிட்டால் அப்புறம் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக அலைய வேண்டும்.

இடம் கிடைத்த விதத்தைக் கேள். நான் வரிசையில் நின்றிருந்த நேரத்தில் லண்டனிலிருந்து தங்கை மாப்பிள்ளை அதே விமான நிறுவனத்தின் அந்த ஊர் எண்ணுக்குப் போன் போட்டிருக்கிறார். அங்கே கூட்டமில்லை. மும்பை வழியாக 28ஆம் தேதி இரவு ஐந்து இடம் சேர்த்து வாங்கிவிட்டார்! வரிசையில் ஒருவர் நிற்கட்டும், இன்னொருவர் போனில் பேசட்டும், உன் மருமகன் அங்கிருந்து பேசட்டும். மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

அந்த ஒன்றரை நாளில் என்னை உலுக்கிய விஷயம் அம்மாவின் மருந்து. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஒரு நாளைக்கான மாத்திரை மட்டும் கைப்பையில், மற்றதெல்லாம் லண்டன் வரை அனுப்பிவிட்ட பெட்டியில். அது என் தப்பு. பெட்டியைத் திரும்ப எடுத்துத் தரச் சொல்லிக் கெஞ்சியும் நடக்கவில்லை. மருந்துச் சீட்டைப் பையன் போனில் படம் எடுத்து வைத்திருந்ததால் விமான நிலைய மருந்துக் கடையில் வாங்கினோம். பிரஷர் மாத்திரை அங்கே இல்லை. வெளியே போய்த் தேடி வாங்கிவரும்வரை எனக்கு உயிரே இல்லை. அத்தை இன்சுலின் போடுகிறவர் அல்லவா? அதைப் பெட்டியில் வைக்கவே கூடாது, சரக்கு அறைக் குளிரில் உறைந்தால் கெட்டுவிடும். மூன்று நாள் மருந்து, ஒரு மாற்றுத் துணி, சார்ஜர், டாக்டர் சீட்டு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். மலைக்காரர்களாக இருந்தது அங்கே கைகொடுத்தது. ஐந்து பேரும் ஸ்வெட்டரும் குல்லாயுமாகத்தான் கோவையிலேயே விமானம் ஏறினோம். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் கைக்குழந்தையோடு நடுங்கிக்கொண்டிருந்தாள். அம்மா தன் கம்பளியை அவள் மேல் போர்த்திவிட்டு, வறுத்த அவலையும் கருப்பட்டியையும் பிரித்து வைத்தாள். சுற்றியிருந்த பிள்ளைகள் எல்லாம் அம்மாவிடம் வந்துவிட்டார்கள். 2009 நவம்பர் மண்சரிவில் பாதை அடைபட்டு நீ நான்கு நாள் எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டாயே, அன்றைக்கு ராகிக் களி கிண்டிப் போட்ட அதே அம்மா, அதே முகம். அவளைப் பார்த்துத்தான் என் படபடப்பு அடங்கியது.

இப்போது உன் டிக்கெட் விஷயம். மதுரையிலிருந்து சென்னைக்கு ஒன்று, சென்னையிலிருந்து பிராங்பர்ட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போட்டால் விலை குறையும் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், நீ வராத ஆள் என்றுதான் அவர்கள் கணக்கு. திரும்பி வரும் பயணமும் சேர்ந்து ரத்தாகிவிடும். ஒரே டிக்கெட் என்றால் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. வழியில் வேறு நாட்டில் மாறுவதாக இருந்தால், அங்கே மாட்டிக்கொண்டால் வெளியே ஹோட்டலுக்குப் போக நம் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டுமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்.

கேட்டால்தான் தருவார்கள் என்பதும் எனக்கு அங்கேதான் தெரிந்தது. நம் நாட்டு விதிப்படி இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்க இடம் தர வேண்டும். பிராங்பர்ட்டிலிருந்து திரும்பும்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் வருஷத்து 261ஆம் எண் விதி உனக்குப் பொருந்தும், விமானம் எந்த நாட்டுடையதானாலும். அவ்வளவு நீண்ட பயணத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் ஆளுக்கு 600 யூரோ. பனி, புயல் என்றால் அந்தப் பணம் கிடையாது, ஆனாலும் சாப்பாடும் ஹோட்டலும் தந்தாக வேண்டும். போர்டிங் பாஸ், சாப்பிட்ட பில் எதையும் தூக்கிப் போடாதே.

எங்கள் பெட்டிகள் நாங்கள் போய் மூன்று நாள் கழித்துத்தான் வந்தன. விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே புகார் எழுதிக் கொடுத்து எண் வாங்கியிருந்தோம். ஒன்றின் சக்கரம் உடைந்திருந்தது. உடைந்ததற்கு 7 நாளுக்குள், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.

அப்புறம், மே என்றால் உங்கள் கொடைக்கானலில் சீசன். வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும் வத்தலக்குண்டு ரோட்டில் வண்டி எப்படி நிற்கும் என்று உனக்கே தெரியும். முதல் நாளே இறங்கி மதுரையில் தங்கிவிடு. அத்தைக்குச் சக்கர நாற்காலி டிக்கெட் போடும்போதே கேட்டு வை.

ஒரு கிலோ தேயிலைத் தூள் அனுப்பியிருக்கிறேன், பாதி மகளுக்கு. பணம் கட்டும் முன் எனக்கு ஒரு போன் போடு, இரண்டு பேருமாக உட்கார்ந்து பார்க்கலாம். அம்மா அத்தையைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
ஜெயராமன்