குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை வேலையை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கத்தின் நடவடிக்கைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடி ஏற்றி இனிப்பு வழங்கினோம். பொங்கலுக்குக் கோலப் போட்டி நடந்தது. கண் பரிசோதனை முகாம் ஒன்று நடத்தினோம். மேல்நிலைத் தொட்டிகளைக் கழுவினோம். அக்டோபர் மழையிலும், நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலிலும் தரைதள வீடுகளுக்குள் தண்ணீர் வந்தபோது வாடகை மோட்டார் வைத்து இறைத்தோம். அந்த இரவுகளில் மாடி வீட்டுக்காரர்கள் கீழ்வீட்டுப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் தங்கள் வீட்டில் படுக்க வைத்துக்கொண்டதை இந்த அறிக்கையில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

இனி நம் பழைய கட்டடங்களின் மறுகட்டுமானம். இந்த ஆண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி அதற்குத்தான் போனது. அது ஏன் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. 2021-ல் அது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. நம் வாயில் இன்னும் 'போர்டு வீடு' என்றுதான் வருகிறது. நம் பிளாக்குகள் அந்த வாரியத்தின் ஆரம்ப காலத்துக் கட்டடங்கள். கூரையில் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரிவதும், கழிவறைச் சுவரில் ஈரம் ஏறுவதும், படிக்கட்டின் கைப்பிடி ஆடுவதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்த ஜனங்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டதால் ஒரு உயிரும் போகவில்லை. அந்தக் கட்டடம் தொண்ணூறுகளில் கட்டியது. நம்முடையது அதைவிடப் பழையது. அதற்குப் பிறகுதான் பழைய குடியிருப்புகளின் உறுதியைச் சோதிக்கும் வேலை வேகம் பிடித்தது. நம் பிளாக்குகளும் குடியிருக்கத் தகுதியில்லாதவை என்று முடிவாகி, இடித்துவிட்டு இதே இடத்தில் புதிதாகக் கட்டுவதற்கான பட்டியலில் சேர்ந்திருக்கின்றன.

'இதே இடத்தில்' என்பதை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் அழுத்திச் சொல்லி வருகிறேன். 2000-க்குப் பிறகு சென்னையில் கூவம் கரையிலிருந்தும் கால்வாய்க் கரைகளிலிருந்தும் எடுக்கப்பட்ட குடும்பங்கள் நகரின் தெற்கு ஓரத்தில் இருக்கும் கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் போனார்கள். பெரும்பாக்கத்தில் மட்டுமே இருபதாயிரத்துக்கு மேல் வீடுகள் இருக்கின்றன. வீடு கிடைத்தது, சரி. ஆனால் பூ விற்ற அக்காவுக்கு கோயில் வாசல் எங்கே? வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு அந்த நான்கு வீடுகள் எங்கே? பாதி வருடத்தில் பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? நம் சொந்தக்காரர்களே அங்கே இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டாலே போதும். நமக்கு அந்த நிலை இல்லை. இருந்த இடத்திலேயே வீடு. இப்போது இருப்பது இருநூற்றுச் சொச்சம் சதுர அடி. புதிதாகக் கட்டுபவை சுமார் நானூறு சதுர அடி, உள்ளேயே கழிவறை, சமையலறை, தடுப்புள்ள படுக்கையறை. இதை நாம் கைநழுவ விடக்கூடாது.

கைநழுவும் என்று ஏன் சொல்கிறேன்? ஒவ்வொரு ஆண்டும் வீட்டு வசதித் துறை சட்டப்பேரவையில் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கிறது. எந்தத் திட்டத்தில் எத்தனை வீடு முடிந்தது, எத்தனை நடக்கிறது, எவ்வளவு செலவு என்று அதில் எண்கள் இருக்கும். நம் குடியிருப்பும் ஒருநாள் அதில் ஒரு வரியாக வரும். இத்தனை பழைய வீடுகளுக்குப் பதிலாக இத்தனை புதிய வீடுகள் என்று அந்த வரி சொல்லும். அந்த எண்ணிக்கைக்குள் உங்கள் பெயர் நிற்குமா என்பதை அந்தக் குறிப்பு முடிவு செய்யாது. உங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கும் காகிதம்தான் முடிவு செய்யும்.

அதனால்தான் குடும்பப் பதிவேட்டை ஆரம்பித்தேன். பிளாக் வாரியாக, கதவு எண் வாரியாக, முதலில் யாருக்கு ஒதுக்கீடு, இப்போது யார் குடியிருப்பு, தவணை முடிந்ததா, கிரயப் பத்திரம் வாங்கியாயிற்றா, ரேஷன் அட்டை, ஆதார், வீட்டில் மாற்றுத்திறனாளி உண்டா, வயதானவர் உண்டா என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதினேன். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் கீழ் வரும் வீடுகள் குடும்பத் தலைவியின் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலுமோதான் இருக்க வேண்டும். வேறெங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இருக்கக் கூடாது. மாற்றுத்திறனாளி, மூத்தோர் உள்ள குடும்பங்களுக்குக் கீழ்தளத்தில் முன்னுரிமை உண்டு. இவற்றையெல்லாம் வீடு ஒதுக்கும் குலுக்கல் அன்று போய்ச் சொல்லி வாங்க முடியாது.

பதிவேடு எழுத எழுத நம் குடியிருப்பின் நிலை புரிந்தது. பாட்டி பெயரில் ஒதுக்கீடு. பாட்டி இறந்து பல வருடம் ஆகிறது. மூன்று பிள்ளைகள், யாரும் வாரிசுச் சான்றிதழ் வாங்கவில்லை, ஒருவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. இப்படிப்பட்ட வீடுகள் ஒவ்வொரு பிளாக்கிலும் இருக்கின்றன. இன்னொரு வகை, முத்திரைத்தாளில் எழுதிக் காசு கொடுத்து வாங்கியவர்கள். அவர்கள் நல்ல மனதோடுதான் வாங்கினார்கள். மகளின் நகையை விற்று வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வாரியத்தின் பதிவில் பழையவர் பெயர்தான் இருக்கும். மூன்றாவது வகை, தவணை முழுவதும் கட்டி முடித்து ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருந்தும் கிரயப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்காமலே விட்டவர்கள். இவர்கள் வேலைதான் சுலபம், அதையும் செய்யாமல் இருக்கிறார்கள்.

என்னை ராத்திரியில் தூங்க விடாதது நான்காவது வகை. ஒரே வீட்டில் நடுவில் சேலையைக் கட்டிக்கொண்டு இரண்டு குடும்பங்கள், சில வீடுகளில் மூன்று. ஒரு வீட்டுக்கு ஒரு வீடு என்பதுதான் மறுகட்டுமானத்தின் கணக்கு. அண்ணனுக்கு வீடு வந்தால் தம்பி எங்கே போவான்? தனி ரேஷன் அட்டையும் தனிச் சமையலும் உள்ள இரண்டாவது குடும்பங்களின் பட்டியலைத் தனியாகத் தயாரித்து, வாரியம் கட்டும் மற்ற வீடுகளில் அவர்களையும் பரிசீலிக்க வேண்டும் என்று சங்கத்தின் சார்பில் மனு கொடுத்திருக்கிறோம். மனு பெற்றதற்கான ஒப்புகைச் சீட்டு கோப்பில் இருக்கிறது. இந்தக் குடும்பங்களுக்காக இன்னும் சத்தமாகப் பேச வேண்டும் என்பது என் கருத்து. நாற்பது ஐம்பது வருடத்தில் குடும்பம் பெருகும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமல்ல.

ஜெராக்ஸுக்கும், இ-சேவை மையக் கட்டணத்துக்கும், நோட்டரிக்கும் சங்கப் பணத்தை ஏன் செலவு செய்தீர்கள் என்று சிலர் கேட்டார்கள். ஆண்டு விழாவைச் சுருக்கியது எதற்கு என்றும் கேட்டார்கள். விழாவுக்கு மேடை போட்டிருந்தால் ஒரு சாயங்காலம் சந்தோஷமாகப் போயிருக்கும். அந்தப் பணத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட வழியில்லாத விதவைப் பெண்களுக்கு விண்ணப்பம் போட்டோம். தாசில்தார் அலுவலகத்திலிருந்து சான்றிதழ் வந்துவிட்ட வீடுகளும் இதில் உண்டு. நான் செய்தது சரி என்றே நினைக்கிறேன், அடுத்த ஆண்டும் இதையே செய்யச் சொல்வேன்.

ஆனால் பதிவேடு முழுமையாகவில்லை. காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன். இந்தக் கூட்டத்துக்கு வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வருபவர்கள். வராதவர்கள் எப்போதும் வராதவர்களே. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அம்பத்தூரிலும் ஆவடியிலும் இருக்கும் ஒதுக்கீட்டுதாரர்கள் ஒருவர்கூட இந்த ஆண்டு எந்தக் கூட்டத்திலும் உட்காரவில்லை. வாட்ஸ்அப்பில் செய்தி போட்டால் பார்த்ததற்கு அடையாளம் வருகிறது, ஆள் வருவதில்லை. கணக்கெடுப்புக்கு அதிகாரிகள் வந்த அன்று பூட்டிக் கிடந்த வீடுகளுக்கு நாங்கள்தான் போன் மேல் போன் போட்டோம். அன்று ஓடிவந்தவர்கள் மறுநாள் சந்தாவைக் கேட்டால் எடுப்பதில்லை.

சந்தா விஷயம் சாதாரணமானதல்ல. 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தில், பதிவு செய்த குடியிருப்போர் சங்கங்கள் பராமரிப்புக்காக வசூலிக்கும் தொகைக்கு இணையாக அரசும் ஒரு பங்கு தருகிறது. அதாவது நீங்கள் கட்டாமல் விடும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் குடியிருப்பு இழப்பது இருநூறு. புதுக் கட்டடம் வந்தால் லிப்ட் வரும், பெரிய மோட்டார் வரும், பொது விளக்கு வரும். மூன்று மாடிக்கு நூறு ரூபாய் கட்டாத பழக்கம் அங்கே தொடர்ந்தால் லிப்ட் ஒரு வருடம்கூட ஓடாது. எட்டாவது மாடியில் வீடு விழுந்த கர்ப்பிணிப் பெண் படியேற வேண்டியிருக்கும். பழைய பாக்கி வைத்திருப்பவர்கள் யாரென்று இங்கே வாசிக்கவில்லை. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது.

கணக்கு விவரம்: ஆண்டின் தொடக்க இருப்புடன் சந்தா, நன்கொடை சேர்ந்து வரவு. தண்ணீர் மோட்டார், துப்புரவு, விழாக்கள், மேலே சொன்ன ஆவணச் செலவுகள் போக ஒரு சிறு தொகை இருப்பில் உள்ளது. வரவைவிடச் செலவு கூடவில்லை. ரசீதுகளையும் வவுச்சர்களையும் பொருளாளர் வைத்திருக்கிறார், பார்க்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் பார்க்கலாம்.

தலைவர் அவர்களின் வழிகாட்டுதலுக்கும், பொருளாளரின் பொறுமைக்கும், மாநகராட்சி, குடிநீர் வாரிய ஊழியர்களுக்கும், பதிவேட்டைக் கணினியில் ஏற்றிக் கொடுத்த நம் குடியிருப்பின் கல்லூரி மாணவிகளுக்கும், கூட்டத்துக்கு நாற்காலி தந்து உதவியவர்களுக்கும் சங்கத்தின் நன்றி. அந்த மாணவிகளுக்குத் தனியாக ஒரு பாராட்டு. பரீட்சை நேரத்திலும் உட்கார்ந்து செய்தார்கள்.

வரும் ஆண்டு கடினமாக இருக்கும். காலி செய்யும் உத்தரவு வந்தால், மறுகட்டுமானத்துக்காக வெளியேறும் குடும்பங்களுக்கு அரசு தரும் கருணைத் தொகை 24,000 ரூபாய். முன்பு 8,000 ஆக இருந்ததை 2021-ல் உயர்த்தினார்கள், அது நல்ல முடிவு. ஆனாலும் கொடுங்கையூரில் ஒற்றை அறைக்கே கேட்கும் அட்வான்ஸைப் பார்த்தால், கட்டடம் முடியும் வரைக்கும் வாடகைக்கு அது காணாது என்று எல்லோருக்கும் தெரியும். இப்போதிருந்தே மாதம் கொஞ்சம் எடுத்து வையுங்கள். பிள்ளைகளின் பள்ளியை மாற்றாமல் இருக்க முடிந்தால் மாற்றாதீர்கள். புது வீட்டுக்கு நம் பங்காகப் பயனாளி பங்குத் தொகை கட்ட வேண்டி வந்தால் அதற்கும் கடன் வாங்கும் நிலை வரக்கூடாது.

அதைவிட எனக்குப் பெரிய கவலை, நாம் மாதவரம், செங்குன்றம், புழல் என்று சிதறிப் போவதுதான். இங்கே இருக்கும்போதே கூடாத கூட்டம் அங்கிருந்து எப்படிக் கூடும்? கட்டடம் இல்லாத காலத்தில் சங்கம் என்பது ஒரு தொலைபேசிப் பட்டியலும் இந்தப் பதிவேடும் மட்டும்தான். அதைக் காப்பாற்ற ஒவ்வொரு பிளாக்குக்கும் இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண், பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டும். வீடு மாறியவுடன் புது முகவரி சொல்ல வேண்டும். சந்தா நிற்கக் கூடாது. என் உடல்நிலையும் முன்பு போல் இல்லை, வீட்டிலும் கேட்கிறார்கள். பதிவேட்டை எடுத்துச் செல்லும் இளையவர் ஒருவர் முன்வந்தால் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்கிறேன். முன்வரவில்லை என்றால், பொதுக்குழு சொல்லும் வரை கோப்பு என்னிடமே இருக்கும்.

இன்னும் ஆவணம் தராத வீட்டுக்காரர்கள் ஒதுக்கீட்டு ஆணை, தவணை ரசீது, ரேஷன் அட்டை, ஆதார் நகல்களை இந்த மாதக் கடைசிக்குள் சங்க அறையில் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். மாலை ஏழு மணிக்குப் பிறகு அறை திறந்திருக்கும். அசல் ஆவணங்களை யாரிடமும் கொடுக்க வேண்டாம், எங்களிடமும் வேண்டாம்.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

வணக்கம்.

செயலாளர்