மோட்டார் ஓடுது, தண்ணி வரலை

அன்புள்ள தம்பிக்கு,

கிணற்று மோட்டார் சரியாகிவிட்டது. நீ பெங்களூர் பஸ் ஏறின மறுநாளே மெக்கானிக் அண்ணன் வந்து குழாயை மேலே இழுத்தார். குழாயின் அடியில் இருக்கிற ஃபுட்வால்வைக் கழற்றினால், உள்ளே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கல் சிக்கிக் கிடந்தது. வால்வு மூடாமல், குழாயில் நிற்கவேண்டிய தண்ணீரெல்லாம் கிணற்றுக்கே இறங்கியிருக்கிறது.

நீ இங்கே இருந்த அன்றைக்கே அவர் சொல்ல வந்தார். "மோட்டார்தான் சுத்துதே தம்பி..." என்றார். நீ முடிக்க விடவில்லை. யூடியூபில் பார்த்தாயாம், கண்டன்சர் போச்சாம். கண்டன்சர் போனால் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், சுற்றாது. இத்தனை வருஷமாக அந்தக் கிணற்றடியில் நிற்கிற எனக்கே அது தெரியும். ஆனாலும் உன் எதிரில் வாயைத் திறக்காமல் நின்றேன், பார்.

புதன்கிழமை போனில் உன் மேனேஜரைப் பற்றி அரைமணி நேரம் புலம்பினாய். யார் எதைச் சொன்னாலும் "அது எனக்குத் தெரியும்" என்கிறானாம். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டேன்.

உன்னைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். 1994. செங்கல்பட்டுப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாகச் சேர்ந்த புதிது. விடியற்காலை ஒரு பையனைத் தூக்கிவந்தார்கள். வயிற்றுவலி, வாந்தி. உடம்பில் ஒரு கீறல் கிடையாது. வாயு என்று நானே முடிவு கட்டி ஊசியை எடுத்தேன். தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா எட்டிப் பார்த்து, "சிஸ்டர், பையன் கண்ணு சொருகுது" என்றார்.

"தூக்கக் கலக்கம். உன் வேலையைப் பாரு" என்றேன். என் அம்மா வயசு அவருக்கு.

அவர் என்னிடம் மேற்கொண்டு பேசவில்லை. பையனின் அம்மாவிடம் திரும்பி, "ராத்திரி எங்கம்மா படுத்திருந்தான்?" என்று கேட்டார். தரையில், பாயில்.

"கட்டுவிரியன் சிஸ்டர். டாக்டரைக் கூப்பிடுங்க."

ஆயா இருளர். வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கின பாம்புப் பிடிப்போர் சங்கத்தில் அவர் அண்ணன் இருந்தார். அங்கே எடுக்கிற விஷத்திலிருந்துதான் நாங்கள் ஏற்றுகிற விஷமுறிவு மருந்தே தயாராகிறது. கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வீங்காது, வலிக்காது, தூங்குகிறவனுக்குத் தெரியவும் தெரியாது. வயிறு வலிக்கும், இமை தொங்கும், அப்புறம் மூச்சு நின்றுபோகும். இதெல்லாம் நான் பரீட்சையில் எழுதினதுதான்.

டாக்டர் குவார்ட்டர்ஸிலிருந்து லுங்கியோடு ஓடிவந்தார். மருந்தை ஏற்றிக்கொண்டே ஜீப்பில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி நெடுக, மூச்சுக் கொடுக்கிற ஆம்பு பையை அழுத்தி அழுத்தி என் விரலெல்லாம் மரத்துவிட்டது. பையன் பிழைத்தான். ஆயாவிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான். 2023-ல் இருளர்கள் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தபோது டிவி முன்னால் உட்கார்ந்து அந்த டீயைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக் அண்ணன் உன் புதுக் கண்டன்சரைக் கழற்றி, பழசையே மாட்டிவிட்டார். "தம்பி காசு போட்டு வாங்கினது, பத்திரமா வைங்கம்மா" என்று துடைத்துக் கையில் கொடுத்தார். அலமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்த தடவை வரும்போது அவர் வீட்டுப்பக்கம் ஒரு நடை போய்விட்டு வா.

அம்மா