அந்தமான் போறவங்க கடல் வத்துற நேரத்தப் பாத்து பிளான் போடணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க சுற்றுலா பக்கத்துல அந்தமான் பத்தி வந்தத படிச்சேன். படமெல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சு, ராதாநகர் பீச் படத்த எங்க வீட்டுப் பிள்ளைங்க வெட்டி எடுத்து வச்சுக்கிட்டாங்க. ஆனா நாலு ராத்திரி அஞ்சு பகல்ல இத்தன எடம் பாத்துறலாம்னு ஒரு பட்டியல் குடுத்திருந்தீங்க பாருங்க, அதப் படிச்சதும் எழுதியே ஆகணும்னு தோணிருச்சு. அங்க எந்த எடத்த எப்ப பாக்கலாம்ங்கறது சூரியன் கையிலயும் கடல் கையிலயும் இருக்கு. டிராவல்ஸ்காரங்க அத சொல்றதில்ல, நம்ம ஊர்க்காரங்க கடன ஒடன வாங்கி குடும்பத்தோட போயிட்டு பாதிய பாக்காம திரும்பி வாராங்க.

மொதல்ல வெளிச்சத்த சொல்லுதேன். திருநெல்வேலிக்கும் அந்தமானுக்கும் கடிகாரம் ஒண்ணுதான், ஆனா அந்தமான் நமக்குக் கெழக்க 15 டிகிரி தள்ளிக் கெடக்கு, 15 டிகிரின்னா சூரியனுக்கு ஒரு மணி நேரம். டிசம்பர்ல நம்மூர்ல ஆறு மணிவாக்குல அடையுற பொழுது அங்க அஞ்சு மணிக்கே அடைஞ்சுரும், அஞ்சரைக்கெல்லாம் நல்லா இருட்டிரும். ஓட்டல்ல நிதானமா டிபன் சாப்ட்டு பத்து மணிக்கு வேன் ஏறுனா பாதி நாள் போச்சுன்னு வச்சுக்கோங்க. ஹேவ்லாக் தீவுல காலாபத்தர் பீச் கெழக்க பாத்தது, வெடியக்காலைல போனாத்தான் அழகு. ராதாநகர் மேக்க பாத்தது, அங்க சாயங்காலம் நாலு மணிக்காவது மணல்ல உக்காந்திருக்கணும், அஞ்சு மணிக்கு கார விட்டு எறங்குனா செவப்பு வானம் மட்டும்தான் மிச்சம் இருக்கும். இப்ப அந்தத் தீவுக்கு ஸ்வராஜ் தீவுன்னும் நீல் தீவுக்கு ஷாகீத் தீவுன்னும் 2018ல பேர் மாத்திட்டாங்க, போர்ட் பிளேர் 2024ல ஸ்ரீ விஜயபுரம் ஆயிட்டு, புக் பண்ணும்போது ரெண்டு பேரையும் பாத்துக்கிடுங்க.

அடுத்தது கடல். இதுதான் ரொம்ப முக்கியம். நம்ம பக்கத்துல கடல் ஏறி எறங்குறது மூணடிக்குள்ளதான், அதனால அமாவாச பௌர்ணமிக்கு திருச்செந்தூர்ல கொஞ்சம் உள்ள போனாலே பேப்பர்ல 'கடல் உள்வாங்கியது'ன்னு போட்டுடுதாங்க. அந்தமான்ல அமாவாச பௌர்ணமிய ஒட்டி கிட்டத்தட்ட ஆள் ஒசரத்துக்கு தண்ணி ஏறி எறங்கும், ஒரு நாளைக்கு ரெண்டு தடவ, நாளுக்கு நாள் முக்கா மணி அம்பது நிமிசம்னு பிந்திக்கிட்டே போகும். நீல் தீவுல அந்த இயற்கைப் பாலம்னு சொல்லுவாங்களே, பவழப் பாறைய கடலே கொடஞ்சு வளைவா ஆக்கிவச்சது, ஹவுரா பிரிட்ஜ்னும் சொல்லுவாங்க, அதுக்கு வத்தத்துல, அதாவது தண்ணி வடிஞ்சு கெடக்குற நேரத்துலதான் போகணும். எங்களுக்கு பிளான் போட்ட டிராவல்ஸ்காரர் தண்ணி ஏறுற நேரத்துல கொண்டு போயி நிறுத்திட்டாரு, தூரத்துல நின்னு போட்டோ எடுத்ததோட சரி. எங்க அத்தான் பிடிவாதம் புடிச்சு அந்த ஊர் கைடு ஒருத்தர்ட்ட கேட்டு மறுநாள் வத்தத்துக்கு திரும்ப கூட்டிட்டுப் போனாரு, அதனாலதான் நான் இத எழுத முடியுது.

தண்ணி வடிஞ்சா அங்க பாறை முழுக்க பள்ளம் பள்ளமா குட்டை. ஒவ்வொரு குட்டைலயும் ஒரு கடல் மிச்சம் கெடக்கு. கறுப்பா தடிச்ச கடல் அட்டை அசையாம கெடக்கு, நம்ம தூத்துக்குடி ஆளுங்களுக்கு அது தெரியும், பவழத்துக்கு அடில நீலமா ஒரு மீன் சர்ருனு ஓடுது, சங்குன்னு நெனச்சு கைய நீட்டுனா அதுக்குள்ள இருந்து நண்டு கால நீட்டுது. கைடு ஒரு வரிச் சிப்பிய காட்டுனாரு, பாறைக்குள்ள பொதஞ்சு வாய மட்டும் தொறந்து வச்சிருந்துச்சு, உதடு ஊதாவும் பச்சையுமா மின்னுது, நெழல் பட்டதும் மெதுவா மூடிக்கிட்டு. எங்க சின்னவன் அரமணி நேரம் அத விட்டு நகரல. செருப்பில்லாம போயிராதீங்க, பாறை கத்தி மாதிரி இருக்கும், ஒரப்பான ஸ்ட்ராப் வச்ச செருப்பு வேணும். பிள்ளைங்கள எதையும் எடுத்து பைல போடவும் விடாதீங்க, செத்த பவழம்னாலும் 1972 வனவிலங்கு சட்டத்துல குத்தம், ஏர்போர்ட்ல புடிச்சிருவாங்க.

ஜெயிலுக்கு வாரேன். பேக்கேஜ்ல 'செல்லுலார் ஜெயில் லைட் அண்ட் சவுண்ட் ஷோ'ன்னு ஒரு வரி இருக்கும், இருட்டுனதுக்கப்புறம் நாற்காலில உக்கார வச்சு காட்டிட்டு கூட்டிட்டு வந்துருவாங்க. ஷோ நல்லாத்தான் இருக்கு. ஆனா பகல்ல ஒரு அர நாள் அதுக்குன்னே ஒதுக்கணும். 1896ல ஆரம்பிச்சு 1906ல கட்டி முடிச்சது, ஏழு கட்டடம், இப்ப நிக்கிறது மூணுதான். ஒரு கட்டடத்தோட மொகப்பு அடுத்த கட்டடத்தோட முதுகப் பாத்துத்தான் இருக்கு, ஒரு கைதி இன்னொரு கைதி மொகத்த பாத்துறக் கூடாதுன்னே கட்டிருக்காங்க. செல்லுக்குள்ள போயி நின்னு கதவ சாத்தச் சொல்லிப் பாருங்க, தலைக்கு மேல எட்டாத ஒசரத்துல ஒரு சின்ன துவாரம், அவ்வளவுதான் வெளிச்சம். முத்தத்துல செக்கு வச்சிருக்காங்க, மனுசன மாடு மாதிரி பூட்டி தேங்காண்ணெ ஆட்ட வச்ச செக்கு. நெல்லச் சீமைக்காரங்களுக்கு அத பாத்தா வ.உ.சி. ஞாபகம் வராம இருக்காது. ஜெயில் கட்டி முடிச்ச அதே 1906லதான் அவரு தூத்துக்குடில சுதேசி கப்பல் கம்பெனிய ஆரம்பிச்சாரு, 1908ல நம்ம திருநெல்வேலி கோர்ட்டுலதான் அவருக்கு 40 வருசம் நாடு கடத்துற தண்டனை எழுதுனாங்க, அப்பீல்ல கொறஞ்சு கோயம்புத்தூர் கண்ணனூர் ஜெயில்ல கழிஞ்சுது, கோயம்புத்தூர்ல அவரு இழுத்ததும் செக்குதான். பிள்ளைங்கள அந்த செக்கு பக்கத்துல நிறுத்தி இத சொல்லிக் குடுக்க பகல் வெளிச்சமும் நேரமும் வேணும்லா.

பாராட்டாங் தீவு பத்தி என் கருத்து வேற. சுண்ணாம்புக் குகை நல்ல எடம், அலையாத்தி காட்டுக்குள்ள போட்டுல போறது மனசுக்கு குளுமையா இருக்கும், ஆனா போக வர ஒரு நாள் முழுசா போயிரும், அதுவும் வெடியும் முன்ன எந்திரிச்சு செக்போஸ்ட்ல கான்வாய்க்கு, அதாவது வண்டியெல்லாத்தையும் காவலோட மொத்தமா விடுறதுக்கு, வரிசைல நிக்கணும். கொஞ்ச நாளைக்குப் போறவங்க அத விட்டுறலாம். இன்னொண்ணும் சொல்லணும், சில ஏஜெண்டுங்க 'வழில ஆதிவாசிங்கள பாக்கலாம்'னு ஆச காட்டுதாங்க. அந்த ரோடு ஜாரவா மக்களோட காட்டுக்குள்ள போகுது, அங்க வண்டிய நிறுத்தவோ போட்டோ எடுக்கவோ திங்க ஏதும் குடுக்கவோ கூடாது, சட்டப்படி குத்தம். அவங்க வீட்டு வழியா போறோம், தலைய குனிஞ்சு போயிட்டு வரணும். அத சுற்றுலாவா விக்கிறத பாக்க எனக்கு வயிறு எரியுது, உங்க பத்திரிகை இத கண்டிச்சு நாலு வரி எழுதணும்.

ஸ்கூபா, அதான் காத்து சிலிண்டர மாட்டிக்கிட்டு கடலுக்குள்ள முங்குறது, பண்ணணும்னா நீச்சல் தெரியணும்னு இல்ல, கூடவே ஆள் வருவாங்க, ஆனா பண்ணிட்டு ஒடனே பிளேன் ஏறக் கூடாது, ஒடம்புல சேந்த நைட்ரஜன் எறங்க 18 மணி நேரமாவது விட்டுரச் சொல்லுதாங்க. அதனால அத நடுவுல வச்சுக்கிடுங்க, கடைசி ராத்திரி கட்டாயம் ஏர்போர்ட் இருக்கிற போர்ட் பிளேர்லயே தங்குங்க. காத்து பலமா அடிச்சா தீவுல இருந்து வாற கப்பல நிறுத்திருவாங்க, பிளேன் நமக்காக காத்து நிக்காது. மே பாதிக்கு மேல அங்க மழ எறங்கிரும், நம்ம குத்தால சீசனுக்கு முன்னாடியே, அதனால பெரிய லீவுல போறவங்க ஏப்ரல்ல போயிருங்க.

நெல்லை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறி காலைல சென்னைல எறங்கி ரெண்டு மணி நேரத்துக்கு மேல பிளேன்ல போயி எறங்குற குடும்பத்த அன்னைக்கே மூணு எடத்துக்கு இழுத்தடிக்கிற பிளான நீங்களும் அச்சடிக்காதீங்க. அரையாண்டு லீவு வருது, இந்தப் பக்கத்துல இருந்து நெறைய பேரு கெளம்புவாங்க, அதுக்கு முந்துன இதழ்ல டிசம்பர் கடைசி வாரத்துக்கு நீல் தீவுல கடல் வத்துற நேரமும் பொழுதடையுற நேரமும் ஒரு சின்ன கட்டத்துல போட்டீங்கன்னா ரொம்ப உபகாரமா இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
பாளையங்கோட்டை